ஒன்றரைக் கட்டை

2011இல் நான் லா சப்பலில் ஒரு பிரெஞ்சு ரெஸ்ரோறன்ரின் நிலக்கீழ் அறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சன்னல் கிடையாது. கதவு ஒன்று, அதையும் வெங்காய மூட்டை பாதி மறைத்திருக்கும். மேலே ஞாயிறு மத்தியானங்களில் ஜாஸ் நடக்கும். பியானோக்காரர் ஊர் மாறிப் போய்விட்டார் என்றதும், “நானும் வாசிப்பேன்” என்று சக்ஸபோன் வாசிக்கும் மதாமிடம் வாயை விட்டுவிட்டேன். ஒரு பாட்டைத் தந்தார். அதை ஒழுங்காக வாசித்தால் ஞாயிறுகளில் எனக்கு மேல்மாடிதான்.

லா கூர்னெவ் கலியாண மண்டபங்களில் கீபோட் வாசித்தவன் நான். என் வித்துவத்தின் ரகசியம் இதுதான்: விரல்களுக்குத் தெரிந்தது வெள்ளை விசைகள் மட்டும். பாடகர் எத்தனை கட்டை கேட்டாலும் சுருதி மாற்றும் பொத்தானை அமத்திவிட்டு அதே வெள்ளைகளில் ஓடுவேன்.

இந்தப் பாட்டோ ஒன்றரைக் கட்டையில் தொடங்கி, நடுப்பகுதியில் அரைக் கட்டை ஏறி, அங்கிருந்து முழுக் கட்டை இறங்கி, சறுக்கிச் சறுக்கி வீடு திரும்புகிறது. எண்பது வருடத்துக்கு முந்திய காதல் பாட்டு. பத்து வருடத்துக்குள் ஒரு சக்ஸபோன்காரர் மெட்டைச் சும்மா தொட்டுவிட்டு, அதன் சுரக்கூட்டுகள் போகிற வழியில் தன்பாட்டுக்கு நடந்து இசைத்தட்டாக்கினாராம். அன்றிலிருந்து சக்ஸபோன் வர்க்கமே அப்படித்தான்.

ஞாயிறு. என் கீபோட்டையே மேலே கொண்டுபோய் வைத்தேன். நடுப்பகுதியில் பொத்தானை ஒருதரம் ஏற்றினேன், சரி. அடுத்து இரண்டுதரம் இறக்க வேண்டும். பதற்றத்தில் மூன்று. பிறகு ஒன்று ஏற்றி வீடு திரும்பியபோது எல்லாரும் ஒன்றரையில், நான் மட்டும் ஒன்றில். மெட்டைக் கேட்டுப் பிடிக்கலாம் என்றால், மதாம் மெட்டை எப்போதோ கைவிட்டிருந்தார். இன்னொருதரம் அமத்தினேன், இன்னும் கீழே போனேன். பாட்டும் முடிவதாயில்லை, ஒரு சுற்று முடிய அடுத்த சுற்று. சிரித்த முகத்தோடு வியர்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே குசினியில் சமைக்கும் அண்ணை படியில் தலையை நீட்டினார்.

“டேய், என்ன செய்யிறாய்?”

“வெளியில வர வழி தெரியேல்லை அண்ணை.”

“அப்ப கையை எடன்ரா! சனம் சாப்பிடுதெல்லே.”

எடுத்தேன். பாட்டு உடனே நன்றாகிவிட்டது. அன்றைக்கு நான் உருப்படியாக வாசித்தது அந்த மௌனம்தான்.

மதாம் திட்டவில்லை. பொத்தானுக்கு மேல் ஒரு பிளாஸ்ரர் ஒட்டி, அதை உரிக்காமல் வாசிக்கிற அன்று மேலே வரச் சொன்னார்.

மூன்று குளிர்காலம் போய்விட்டது. ஐந்து கறுப்புகளும் இப்போது விரலுக்குப் பழக்கம். நடுப்பகுதிக்குள் அழகாக நுழைகிறேன், திரும்புகிற இடத்தில்தான் ஒவ்வொரு தரமும் தொலைகிறேன். அண்ணை காலையில் கேட்பார்:

“வெளியில வந்திட்டியோ?”

“இல்லை அண்ணை, இன்னும் நடுவிலதான்.”

“அப்ப அந்தச் சட்டியை எடு.”