நாலாவது வீட்டுத் திறப்பு

கமலாதேவி கைப்பையைக் கீழே வைப்பதற்கு முன்பே பெட்டியின் பக்கவாட்டில் புறங்கையை வைத்துப் பார்க்கிறார். குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போலத்தான். சூடு அளவாக இருந்தால் "ஓம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பையை வைப்பார். கூடியிருந்தால் தன் பக்கம் சுழலும் காற்றாடியைப் பெட்டியின் பக்கம் திருப்பிவிட்டு, அன்று முழுவதும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

கோல சிலாங்கூர் சாலையோரத்தில் இருக்கிறது சோமு முதலாளியின் நிலையம். சுற்றுத் தோட்டங்களிலிருந்து வரும் செம்பனைக் குலைகளை லோரியோடு திம்பாங் என்கிற எடைமேடையில் ஏற்றி நிறுத்து, எடைச்சீட்டு அடித்து, ஆலைக்கு அனுப்புவது தொழில். அலுவலகத்தில் மூன்று மேசை, மூன்று திரை. எல்லாவற்றுக்கும் கிள்ளானில் வாங்கிய ஒரே கம்பியூட்டர் பெட்டிதான். அதை வாங்கச் சொன்னவரும் அதைப் பார்த்துக்கொள்பவரும் கமலாதேவி.

ஒரு பெட்டி எப்படி மூன்று பேருக்கு வேலை செய்யும் என்று லோரி ஓட்டும் சன்னாசி ஒருமுறை கேட்டார். கமலாதேவி யோசிக்கவே இல்லை. "லயம் மாதிரி. ஒரு கூரை, நாலு வீடு. ஒரு வீட்டிலை திம்பாங், ஒரு வீட்டிலை சம்பளம், ஒரு வீட்டிலை லோரிக் கணக்கு. ஒவ்வொரு வீடும் தான் தனிக் கம்பியூட்டர் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கும். அந்த மூண்டு வீட்டுத் திறப்பும் நாலாவது வீட்டிலை."

நாலாவது வீடுதான் அவருடையது; திறப்பு என்று அவர் சொல்வது சாவியை. யார் பெயரைத் தட்டினாலும் அங்கே போய்க் கேட்டுத்தான் மற்ற வீடுகளின் கதவு திறக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், அவரே வைத்துக்கொண்ட ஒரு பாஸ்வேர்ட். அதை இன்னொருவர் அறியக்கூடாது. தானும் அறியக்கூடாது என்பார்.

அவருடைய தகப்பனார் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத் தோட்டமொன்றில் கணக்கு எழுதும் பெரிய கிராணியாக இருந்தவர். நாற்பது தாண்டிய மகள் இன்னும் அந்த வீட்டுப் பேச்சை விடவில்லை. மதியத்துக்கு இடியப்பமும் சொதியும் கொண்டுவருவார். பெட்டி இருக்கும் அறையில் உண்ணமாட்டார். அலுவலகத்துக்குத் தேநீர் கொண்டுவருபவன் நான்; என் தட்டும் வாசல்வரைதான் போகலாம்.

பெயர்களுக்கு அவர் தேதி போடுவார். இந்த நாளில் தொடங்கும், இந்த நாளில் முடியும். சம்பளக் கணக்குப் பார்க்க வந்த அமராவதி, முதல் நாள் ஆர்வத்தில் ஏழரைக்கே வந்து உட்கார்ந்தாள். திரை திறக்கவில்லை. "எட்டு மணிக்குத்தான் பிள்ளை நீ பிறக்கிறாய். அதுவரைக்கும் தேத்தண்ணி குடி" என்றார் கமலாதேவி. வேலையை விட்டுப் போகிறவர்களிடம் கைகுலுக்கி, "எத்தனை மணி மட்டும் இருப்பியள்?" என்று கேட்பார். கேட்ட மணியோடு அந்தப் பெயர் முடிந்துவிடும். ஒருவர் கடைசிச் சீட்டைப் பாதியில் விட்டுப் போக நேர்ந்தது. அதற்காக மணியை நீட்டிக் கொடுக்கவில்லை.

பெட்டி வந்த புதிதில் இரண்டே பெயர்கள்தான் இருந்தன. ஒன்று அவருடையது. இன்னொன்று அவருக்கு உதவியாக இருந்த, திம்பாங் பார்த்த தங்கமணியுடையது. இருவருக்கும் எல்லா அதிகாரமும் உண்டு. தொடக்கத் தேதி என்ற சட்டம் அப்போது இல்லை. பிறகு சட்டம் வந்ததும் தன் பெயருக்கும் ஒரு தொடக்கத் தேதி போட்டுக்கொண்டார். "சட்டம் எண்டால் எனக்கும்தான்." தங்கமணிக்குப் போடுவதற்குள் அவனை அனுப்பும்படி ஆகிவிட்டது. சாப்பிடப் போன நேரத்தில் திம்பாங் நிற்க வேண்டாமே என்று அவன் தன் பாஸ்வேர்டைச் சன்னாசியிடம் சொல்லிவிட்டுப் போனான். திருட்டு இல்லை, நட்டமும் இல்லை. ஆனாலும் கமலாதேவி முதலாளியிடம் போய் நின்றார். மறுவாரம் அவன் பெயருக்கு முடிவுத் தேதி விழுந்தது. இப்போது புக்கிட் பெலிம்பிங்கில் ஒரு டயர் கடையில் இருக்கிறான்.

சுவிட்சை யாரும் தொட அவர் விடுவதில்லை. மின்சாரம் போனாலும் பக்கத்தில் உள்ள பேட்டரி பெட்டியைத் தாங்கிக்கொள்ளும். வாங்கிய நாளிலிருந்து அது ஒரே ஒரு முறைதான் நின்றிருக்கிறது. போன மாதம் ஆயுத பூசைக்கு அதை நிறுத்தியவர் அவரேதான். யாரும் சொல்லவில்லை. லோரிகளுக்கெல்லாம் மாலை போட்டுச் சந்தனம் வைத்த பிறகு உள்ளே வந்து, "இதுவும் ஆயுதம்தானே, ஒரு நாள் ஆறட்டும்" என்று அணைத்தார். மேலே ஒரு செம்பருத்தி வைத்தார். ஊசியையும் கத்தியையும்கூட அன்று தொடாத வீட்டில் வளர்ந்தவர்.

விசயதசமிக் காலையில் கற்பூரம் காட்டி மறுபடி போட்டார். பெட்டி எழுந்தது. அமராவதி தன் பெயரைத் தட்டினாள். கதவு திறக்கவில்லை. கமலாதேவி தன் பெயரைத் தட்டினார். அதுவும் இல்லை. திரையின் ஓரத்தில் இருந்த தேதியைக் குனிந்து பார்த்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, சனவரி முதல் தேதி; ஒன்பது வருடம் பின்னால். உள்ளே நேரத்தை நினைவு வைக்கும் சின்ன பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது. நிற்காத பெட்டியில் அது யாருக்கும் தெரியவில்லை.

வெளியே ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகு வந்த லோரிகள் சாலைவரை நின்றன. வெட்டிய குலை வெயிலில் கிடந்தால் எண்ணெய் கெட்டுவிடும், ஆலை திருப்பி அனுப்பிவிடும். கையால் எழுதிய சீட்டையும் அந்த ஆலை வாங்காது.

"என்னா மிஸ், ஆளு முன்னாடியே நிக்கிறோம், தெரியலையா இதுக்கு?" என்றார் சன்னாசி.

"அது எண்பதிலை நிக்குது. நீங்கள் ஒருத்தரும் இன்னும் வரேல்லை."

"சரிதான். எண்பதுல நான் கல்யாணமே கட்டல. இப்ப வீட்டுக்குப் போனா பொண்டாட்டி உள்ள விடுவாளா?"

லோரிக்காரர்கள் சிரித்தார்கள். முதலாளியின் தம்பி சேது சிரிக்கவில்லை. "தேதிய மாத்திற வேண்டியதுதானே?"

"மாத்துறதெண்டால் உள்ளுக்குப் போகவேணும்."

"உள்ள போங்க."

"உள்ளுக்குப் போறதெண்டால் தேதி சரியா இருக்கவேணும். நாலாவது வீட்டுத் திறப்பும் உள்ளுக்குத்தான் கிடக்கு."

சேது அண்ணனைப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன். மத்தியானத்துக்குள்ள இது ஓடலன்னா தூக்கிக் கிள்ளான்லயே குடுத்துருவோம்லா. கைச்சீட்டு வாங்குற ஆலைக்கு அனுப்பலாம்."

சோமு முதலாளி வழக்கமாகத் தம்பியை அடக்குவார். அன்று, "மிஸ், இந்தத் தடவ நான் ஒன்னும் பேச மாட்டேன்" என்றார். பெட்டி போனால் கமலாதேவிக்கும் அங்கே நாற்காலி இல்லை. அதை யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

கிள்ளான் கடைக்காரர் மறுநாள்தான் வரமுடியும் என்றார். கமலாதேவி போனை வைத்துவிட்டு ஒவ்வொரு பெயராக விரல்விட்டு எண்ணினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒரு பேர் திறக்கும். தொடக்கத் தேதி இல்லாத பேர். எண்பதிலை நிண்டு பாத்தால் முடிவுத் தேதியும் இன்னும் வரேல்லை." கடைசி விரலை மடக்கி, "தங்கமணி" என்றார்.

முதலாளி அந்தக் கணமே டயர் கடைக்குப் போன் போட்டார். பேசிவிட்டு, ரிசீவரின் வாயைக் கையால் பொத்தி, "பாஸ்வேர்டச் சொல்றேங்கிறான் மிஸ். நான் சொல்லச் சொல்ல நீங்க தட்டுங்க" என்றார். கமலாதேவி எழுந்துவந்து போனில் ரிசீவர் வைக்கும் கட்டையை விரலால் அமுக்கினார். இணைப்பு அறுந்தது.

"பைத்தியமா மிஸ் உங்களுக்கு?" என்று சேது கத்தினார். கமலாதேவி கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

அவர் திரும்பியபோது தங்கமணி பக்கத்து இருக்கையில் இருந்தான். கை முழுக்கக் கறுப்பு மை. சன்னாசி, "வாடா, எண்பதுக்கே ராசா" என்று கூப்பிட்டார். அவன் அறைக்குள் வந்து, துணியால் விரல்களைத் துடைத்தான்.

"சொன்னதுக்குத்தானே மிஸ் அன்னைக்கு என்னை அனுப்புனீங்க? இன்னைக்குச் சொல்றேன்னா போனை வெட்டுறீங்க."

"அண்டைக்கும் சொல்லக்கூடாது. இண்டைக்கும் சொல்லக்கூடாது. இரு, தட்டு."

அவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். விரலைக் கீபோர்டில் வைத்தான்.

"பொறு" என்றார் கமலாதேவி. அறையில் நின்றவர்களைப் பார்த்தார். "எல்லாரும் அங்காலை திரும்புங்கோ."

"மிஸ், வெளிய குலை அழுகுது" என்றார் சேது.

"திரும்புங்கோ."

சன்னாசி முதலில் திரும்பினார். அமராவதி திரும்பினாள். முதலாளி சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். சேது முனகிக்கொண்டே கடைசியாகத் திரும்பினார். கீபோர்டின் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது.

"உள்ள போயாச்சு மிஸ். தேதியும் போட்டாச்சு. எண்பத்தொன்பது" என்றான் தங்கமணி.

எல்லோரும் திரையைப் பார்க்க ஓடினார்கள். முதலாளி அவன் முதுகில் தட்டினார். சன்னாசி திம்பாங்குக்கு ஓடினார்.

கமலாதேவி மட்டும் சுவரைப் பார்த்தபடி, கண்ணையும் மூடிக்கொண்டு நின்றார். "உன்ரை பேரிலை இருந்து வெளியிலை வந்திட்டியோ?" என்று கேட்டார். "வந்த பிறகு சொல்லு, திரும்புறன்."