கீழ் டிராயர்

என் வீட்டுக்காரர் தச்சர். அவர் பேச வேண்டியதையெல்லாம் மரத்திடமே பேசிவிடுவார். வீட்டில் கத்துகிற வேலை முழுக்க என்னுடையது. அப்படிப்பட்ட மனிதருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது.

ரப்பர் பந்தைப் பிசைந்து பிசைந்து விரல்கள் மெல்ல அசைய ஆரம்பித்ததும், அவருடைய பழைய கூட்டாளி பாலிஷ்காரர் ஒரு வேலையோடு வந்தார். அந்தக் காலத்துப் பாணியில், வளைந்த கால்களோடு, பல்லோடு பல் கோத்த டிராயர் பெட்டி வேண்டுமாம். தன் வீட்டுக்குத்தான் என்றார். அவர் வீட்டில் ஒரு முக்காலி போடக்கூட இடம் கிடையாது. எனக்குத் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அதிசயம்தான்!

"செய்றேன். ஆனா மேல் டிராயரை மூடினா, உள்ள இருக்கற காத்து தள்ளி கீழ் டிராயர் தானா வெளிய வரணும். அந்த அளவுக்குக் கச்சிதமா வரலேன்னா உளியெல்லாம் வித்துடலாம்" என்றார் இவர்.

பாலிஷ்காரர் தினமும் வந்தார். ரம்பத்தை ஒருநாளும் வாங்கிக்கொள்ளவில்லை. "நீ அறு, நான் பிடிச்சுக்கறேன்" என்பார். இவர் கை தவறிப் பெட்டியின் ஒரு காலைக் கெடுத்தபோது, "மூணு கால் போதும்னு சொல்லிடலாமா?" என்று கேட்டேன். இவர் சிரித்துவிட்டார்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சமையலறைச் சுவரில் இவர் ஒரு அகலப் பலகையைச் சாத்திவைத்திருந்தார். குழாயடிக்குப் போகும்போதெல்லாம் முழங்கையில் இடித்தது.

கடைசியில் டிராயர்களைச் செருகினார். மேலே இருந்ததை மூடினார். கீழே அசைவே இல்லை. மறுபடி மூடினார். ம்ஹூம். உட்கார்ந்து, உளிகளைத் துடைத்துப் பையில் போட ஆரம்பித்தார். பாலிஷ்காரர் தலை நிமிரவில்லை.

தண்ணீர் கொண்டுவரப் போனேன். பலகை மறுபடியும் நங்கென்று இடித்தது. வந்ததே கோபம்!

"வித்துட்டுப் போங்க! ஆனா முதல்ல இந்தச் சனியனைத் தூக்குங்க!" என்று அதை இழுத்துவந்து நடுவீட்டில் போட்டேன்.

இரண்டு பேரும் பலகையைப் பார்த்தார்கள். பிறகு பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள்.

"யோவ், முதுகுப் பலகையே மாட்டலையேய்யா! காத்தெல்லாம் பின்னாடி ஓடிப்போச்சு!" என்றார் பாலிஷ்காரர்.

டிராயரைப் பார்க்கிற அவசரத்தில் பெட்டிக்கு முதுகு வைக்க மறந்திருக்கிறார், என் மகாராசன்.

பலகையைப் பொருத்தியதும், "நீயே மூடு" என்றார் என்னிடம்.

மேல் டிராயரைத் தள்ளினேன். கீழ் டிராயர் மெதுவாக வெளியே வந்து என் முழங்காலைத் தொட்டது. அழுதுவிட்டேன்.

"அண்ணே, நீங்க மட்டும் வரலேன்னா இவரு படுக்கையோட போயிருப்பாரு. இந்த நன்றியை எப்படித் தீர்க்கப்போறேன்?"

"அதெல்லாம் இருக்கட்டும் தங்கச்சி. இதை வைக்க எங்க வீட்டுல இடமில்ல. இங்கயே கிடக்கட்டும்."

இவரோ பையிலிருந்த உளிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வலது கையாலேயே பழைய இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்.