'இது இல்லை' என்று ஒரு பெயர்

எங்கள் கோபிப் பாலைவனப் பக்கத்து மருத்துவ உதவியாளர் தோல்கோர் அக்காவுக்கு நான் பதினெட்டு வருஷம் ஜீப் ஓட்டினேன். ஓநாயைக் கண்டால் கல்லெடுப்பாள். மஞ்சள் பூத்த கண்ணைக் கண்டால் மட்டும் அவள் முகம் வெளுத்துவிடும். கணவரை ஈரல் நோய்க்குப் பறிகொடுத்தவள். அந்த நோயின் கிருமி அவள் ரத்தத்திலும் இருந்தது. பிரசவத்தில் அது மகன் சோக்தோவுக்கும் போய்விட்டது. அவன் பிறந்தபோது எங்கள் பக்கம் அதற்கான தடுப்பூசி வந்திருக்கவில்லை.

"நான் அவனுக்குக் கொடுத்த முதல் சீர் இதுதான்டா" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எனக்குச் சிரிப்பு வராது.

ஒரு வருஷம் ஜனவரியில் ஒருநாள் காலை, ஆடு மேய்க்கும் ஹொர்லோவுக்கு ஆட்டுப்பட்டிக் கூடாரத்திலேயே பிரசவமாகிவிட்டது என்று குதிரையில் ஆள் வந்தது. நாள் கணக்குக்கு மூன்று வாரம் முன்னதாகவே பிள்ளை வந்துவிட்டது. ஹொர்லோவுக்கும் அந்தக் கிருமி உண்டு. பிறந்து இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டாக வேண்டும். ஆள் வந்து சேர்வதற்குள்ளேயே ஐந்து மணி நேரம் போயிருந்தது.

கையில் இருந்ததே இரண்டு குப்பி மருந்து. அக்கா ஒன்றைத் துணியில் சுற்றித் தன் அங்கிக்குள் மார்போடு செருகிக்கொண்டாள். மற்றதைப் பெட்டியில் வைத்து என்னிடம் கொடுத்தாள். மருந்து குளிரில் இருக்க வேண்டும் என்ற அளவுக்கு எனக்குத் தெரியும். பெரிய மேதாவி மாதிரி பெட்டியை ஜீப்புக்கு வெளியே, பின்பக்கம் கட்டினேன். அன்றைக்குக் குளிர் மைனஸ் முப்பத்தைந்து.

நடுவழியில் சக்கரம் பனியில் புதைந்து மூன்று மணி நேரம் தோண்டினோம். பட்டியை அடைந்து அக்கா பெட்டியைத் திறந்தால் குப்பி கல்லாகக் கிடந்தது.

"எங்கடா வெச்சிருந்த?"

"வெளியிலக்கா. ஜில்லுனு இருக்கட்டும்னு..."

"ஆட்டுக்கறின்னு நெனச்சியா? உறைஞ்சா இது செத்துப்போச்சுடா!"

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. வாங்க வேண்டிய அறைதான்.

பிறகு மெல்ல அங்கிக்குள் கையை விட்டாள். இதுவும் போயிருந்தால் அடுத்த குப்பிக்கு மாகாணத் தலைநகருக்குத்தான் ஓட வேண்டும். போய்த் திரும்புவதற்குள் கெடு முடிந்துவிடும். குப்பியைக் குலுக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பால் போல ஒரே சீராக இருந்தது. பிள்ளையின் தொடையில் ஊசி இறங்கி அவன் வீறிட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

"இனிமே பயமில்லையேக்கா?" என்றாள் ஹொர்லோ.

அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. "போட்டாலும் சில பிள்ளைங்களுக்கு வந்திடுதும்மா. மிச்ச ஊசியில ஒண்ணையும் விட்டுடாத. ஒரு வருஷம் கழிச்சு ரத்தம் பார்த்தாத்தான் தெரியும்."

ஹொர்லோவின் முதல் குழந்தை பிறந்த வாரமே போய்விட்டது. அதனால் இவனுக்கு எனெபிஷ் என்று பெயர் வைத்தார்கள். 'இது இல்லை' என்று அர்த்தம். பிள்ளையைத் தேடி வரும் கெட்டது, பெயரைக் கேட்டு ஏமாந்து திரும்பிவிடுமாம்.

"கிருமிக்குக் காது ஏதுக்கா?" என்றேன்.

"வாய மூடு. பேரும் இருக்கட்டும், ஊசியும் இருக்கட்டும்."

அந்த வருஷம் முழுக்க எனக்கு ஒரே கேள்விதான். அவள் மார்போடு வைத்திருந்த குப்பியையும் குளிர் தொட்டிருந்தால்? மிச்ச ஊசிகளுக்குப் போகும்போதெல்லாம் பிள்ளையின் கண்ணைத்தான் முதலில் பார்ப்பேன். வெள்ளையாகத்தான் இருக்கும். அது ஒன்றுக்கும் அத்தாட்சி இல்லை என்பாள் அக்கா.

பரிசோதனைத் தாள் வந்த அன்று, அவள் அதைப் படித்து மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டாள். என்ன வந்திருக்கிறது என்று கேட்காமலே ஜீப்பை எடுத்தேன்.

கூடார வாசலில் ஹொர்லோ பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா வந்திருக்கு?"

"உன் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிடு."

"அக்கா, எனக்குப் பயமா இருக்கு."

"கூப்பிடுடி."

"எனெபிஷ்..."

"அதான் தாள்லயும் எழுதியிருக்கு" என்ற அக்கா அப்படியே பனியில் உட்கார்ந்து, சோக்தோ, சோக்தோ என்று தன் மகன் பெயரைச் சொல்லி அழுதாள்.