பிரஸ்ஸுக்கு ஒரு நாள் லீவு

சென்ற வருடம், ஆயுத பூஜைக்கு முதல் நாள். செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் போகிற சாலையில் பல வருடமாக மூடிக் கிடந்த எங்கள் ஃபேன் கம்பெனியின் கேட் திறந்திருப்பதாக, வாட்ஸ்அப் குரூப்பில் தோழி ஒருத்தி போட்டோ போட்டாள். இடத்தை மனை போட்டு விற்கப் போகிறார்களாம். மிஷின்களை வெட்டி எடுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள்.

சீலிங் ஃபேன் இறக்கைக்குத் தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸை ஓட்டியது பெண்கள் நாங்கள்தான். இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பேன், சுற்றுவது நம்ம இறக்கையா என்று! குரூப்பில் எல்லோருக்கும் கடைசியாக ஒரு தடவை பிரஸ்ஸைப் பார்க்க ஆசை. ஆனால் ஆளுக்கொரு வேலை. மறுநாள் லீவில்தான் வர முடியும். வீட்டில் இருப்பவள் நான் ஒருத்திதான் என்பதால், நாளை வரைக்கும் வெட்டாமல் நிறுத்தி வைக்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

போனேன். ஷெட்டில் பாதிக் கூரையைக் காணோம். உள்ளே ஆள் உயரத்துக்கு ஆமணக்குச் செடி, எங்கே பார்த்தாலும் புறா எச்சம். நடுவில் எங்கள் பிரஸ் துருவேறி நின்றது. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இதை ஓட்டினவள் நான் என்கிற திமிர்தான் வந்தது.

பக்கத்திலேயே கேஸ் கட்டரோடு நாலு பேர். மேஸ்திரியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாமா வெளாடுறியா? நாளைக்கு லீவு. இத்த இன்னிக்கே வெட்டிட்டு, சாய்ந்தரம் பூஜையப் போட்டுட்டு வூட்டுக்குப் போய்கினே இருப்போம்" என்றவர், "நீ இன்னா, ஆபீஸ்ல இருந்தியா?" என்று கேட்டார்.

"பிரஸ் ஓட்டினேன்."

நம்பாமல் என் கைகளைப் பார்த்தார். பிரஸ்ஸில் வேலை பார்த்தவர்களுக்கு விரல்தான் சர்டிபிகேட். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

"பத்தும் கீதே!" என்றார். அவருடைய இடது கையில் ஒரு விரல் பாதிதான் இருந்தது. சின்ன வயதில் வேறொரு கம்பெனியில், பிரஸ்ஸில் போனதாம்.

எங்கள் மிஷினில் இரண்டு பட்டன். இரண்டையும் இரண்டு கையால் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டாது. உற்பத்தி கூட வேண்டும் என்று ஒரு சமயம் நிர்வாகத்தில் ஒரு பட்டனை அழுத்தியபடி கட்டிவைத்து ஓட்டச் சொன்னார்கள். முடியாது என்று மொத்த ஷிப்டும் மிஷினை விட்டு எழுந்து நின்றோம். கடைசிவரை எங்களில் ஒருத்தி விரலும் போகவில்லை. இதைச் சொன்னதும் அவர் தன் பாதி விரலைத் தடவிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, "அப்போ பூஜைய இப்பவே போட்டுடுங்கண்ணே, மிஷினுக்கும் சேர்த்து" என்றேன்.

லாரியிலிருந்து பொரி, கடலை, வாழைப்பழம் எல்லாம் வந்தது. பிரஸ்ஸுக்கு நான் சந்தனம், குங்குமம் வைத்தேன். கட்டரை அதன்மேல் சாய்த்துவைத்து அதற்கும் வைத்தார்கள். வெட்டப் போவதும் வெட்டுப்படப் போவதும் பொட்டு வைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில்! கற்பூரம் காட்டி, கேட்டில் பூசணிக்காய் உடைத்து முடித்ததும், ஒருவர் கட்டரை எடுக்கப் போனார்.

"டேய், பூஜை போட்ட பொருளை இன்னிக்கு எவனாவது தொடுவானா?" என்று மேஸ்திரி அதட்டினார். அதட்டிய பிறகுதான் அவருக்கே உறைத்தது. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "நல்லா மடக்கினியேக்கா!"

மடக்கத்தான் செய்தேன்.

மறுநாள் காலையில் எல்லோரும் வந்து, பிரஸ் முன்னால் வரிசையாக நின்று, கைகளை விரித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டோம். இப்போது அந்த இடத்தில் மனைக் கல் நட்டிருக்கிறார்கள். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது, பக்கத்து சீட்டில் யார் இருந்தாலும் "இங்கதான் நான் பிரஸ் ஓட்டினேன்" என்று சொல்லிவிடுகிறேன்; கேட்பவர்கள் நம்புகிறார்களோ இல்லையோ, சொல்லும்போதே என் முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது.