பிரஸ் லைனில் ஜப்பானியப் பாடம்

கும்மிடிப்பூண்டியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவளுக்கு ஜப்பானிய மொழி எதற்கு என்று யாரும் கேட்கக்கூடாது. எங்கள் கம்பெனியும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆறு வருடமாகக் கான்ட்ராக்டில் இருக்கும் எங்களில் நான்கு பேரை நிரந்தரமாக்கப் போவதாகவும், அதற்கு நாற்பது ஜப்பானியச் சொற்களைப் பொருளோடும் பயன்பாட்டோடும் சொல்லிக் காட்ட வேண்டும் என்றும் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆறு வருடம் கை உழைத்தது போதவில்லை போலும், இனி வாயும் உழைக்க வேண்டும். ஆனால் எனக்கு அந்த நிரந்தரம் வேண்டியிருந்தது. ஒவ்வொரு கான்ட்ராக்ட் முடியும்போதும் திரும்ப எடுப்பார்களா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிவது அலுத்துவிட்டது.

ஆரம்பாக்கத்திலிருந்து வரும் காலை ரயிலில்தான் என் வகுப்பு. கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஜெராக்ஸ் தாளைப் பார்த்து முணுமுணுப்பேன். ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஒரு பெண்மணி எழுந்து இடம் கொடுத்தார். மொழி கற்றதால் எனக்குக் கிடைத்த முதல் லாபம் அதுதான்.

'ஹாய்' என்றால் ஆமாம். மேலதிகாரி எது சொன்னாலும் இதைச் சொல்ல வேண்டும். தமிழில் ஆறு வருடமாக இதைத்தானே செய்கிறேன், சிரமமே இல்லை. 'ஸுமிமாஸென்' மன்னிப்புக் கேட்கவும் ஆகும், ஆளைக் கூப்பிடவும் ஆகும். பெயருக்குப் பின்னால் 'சான்' போட்டால் மரியாதை. "ஏம்மா, இங்க வா" என்றே கூப்பிட்டுப் பழகிய சூப்பர்வைசர் ஒருநாள் என் பெயரோடு 'சான்' சேர்த்தார். வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

'ஓட்ஸுகரேஸாமா' எனக்கு மிகவும் பிடித்த சொல். வேலை முடித்துக் கிளம்புகிறவரிடம், களைக்கக் களைக்க உழைத்தீர்கள் என்று நன்றியோடு சொல்வது. பயன்பாட்டைப் பழகலாமே என்று, நான் வீட்டுக்குள் நுழையும்போது இதைச் சொல்லும்படி என் கணவரிடம் கேட்டேன்.

"இன்னா ஒளர்ற? ஊட்டுக்கு வந்ததும் டீயப் போடுவியா, அத்த உட்டுட்டு..." என்றார். ஜப்பான் எங்கள் வாசற்படியைத் தாண்டவில்லை.

கடைசிச் சொல் 'யோஷி'. சரியாக இருக்கிறது என்று பொருள். ஷிஃப்ட் தொடங்கும் முன் மெஷினின் ஒவ்வொரு பாகத்தையும் கண்ணால் பார்த்து, விரலால் சுட்டிக்காட்டி, உரக்கச் சொல்ல வேண்டும். எங்கள் லைனில் சாமிக்குக் கற்பூரம் காட்டுவதுபோல் விரலை ஒரு சுற்றுச் சுற்றி நான்கு யோஷி சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கிவிடுவார்கள். சொல்லிவிட்டால் மெஷினும் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

என் மெஷினில் கை உள்ளே போனால் நிறுத்த வேண்டிய சென்சார் மூன்று வாரமாகச் செத்துக் கிடந்தது. அதை ஒரு ஒயர் போட்டு ஏமாற்றி ஓட்டிக்கொண்டிருந்தோம். எனக்கடுத்த இரவு ஷிஃப்டில் அதே மெஷினில், ஒயர் விஷயம் தெரியாத ஆரணிக்காரப் பெண் ஒருத்தி கை வைப்பாள்.

தேர்வன்று ஜப்பானில் இருக்கும் எங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். முந்தைய நாளே சூப்பர்வைசர் என்னிடம் வந்தார்.

"ஸ்பேரு வந்துக்கினே கீதும்மா. நாளிக்கி ஒருநாளு யோஷி சொல்லிட்டுப் போயேன். சொன்னா இன்னா கொறஞ்சா பூடுவ?"

குறைந்துவிட மாட்டேன்தான். பணியாளர் பிரிவு அதிகாரி தாளைப் பிடித்துக்கொண்டு நிற்க, முப்பத்தொன்பது சொற்களை மடமடவென்று சொன்னேன். பிறகு மெஷின். அவசர பட்டனைச் சுட்டினேன், யோஷி. கதவைச் சுட்டினேன், யோஷி. சென்சாரைச் சுட்டினேன். வாய் திறக்கவில்லை. வீரமெல்லாம் ஒன்றும் இல்லை, பயம்தான். என் யோஷியை நம்பி அந்தப் பெண் ராத்திரி உள்ளே கையை விடுவாளே என்ற பயம். சூப்பர்வைசர் கண்ணாலேயே கெஞ்சினார். நான் நீட்டிய விரலோடு சிலை மாதிரி நின்றேன்.

பெரியவர் என் விரல் போன திசையில் பார்த்தார். அருகே போய்த் தன் பேனாவைச் சென்சாருக்கு முன்னால் நீட்டினார். அதன் விளக்கு பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறவில்லை. நேரே போய் மெயின் சுவிட்சை அணைத்தார். மூன்று வாரமாக வந்துகொண்டே இருந்த ஸ்பேர், இரண்டே நாளில் வந்து சேர்ந்தது.

நிரந்தரமானவர்கள் பட்டியலும் வந்தது. நான்கு பெயர். என் பெயர் இல்லை. அதிகாரியிடம் போய்க் கேட்டேன். அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். முப்பத்தொன்பது டிக். நாற்பதாவதற்கு எதிரே, 'யோஷி: பயன்பாடு தெரியவில்லை' என்று எழுதியிருந்தது.

"அடுத்த பேட்ச்ல பாக்கலாம்மா. நல்லா படிச்சிக்கினு வா" என்றார் அன்பாக.

கோபத்தில் எனக்கு எந்த மொழியும் வரவில்லை. பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு என் ஷிஃப்டைத் தொடங்க மெஷினுக்குப் போனபோது, இரவு ஷிஃப்ட் முடித்த ஆரணிக்காரப் பெண் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பத்து விரல்களும் இருந்தன.