முள்ளுக் கத்திரிக்காயோடு திருப்பதிக்கு: ஒரு வயிற்றெரிச்சல் பயணம்

திருப்பதிக்குப் போய்ச் சாமி பார்க்காமல் திரும்பி வந்தவன் என்று எங்கள் தெருவில் என்னைக் கேலி செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும். நான் மலை ஏறப் போகவில்லை. மே மாதக் கடைசியில், கத்திரி வெயில் ஆளை வறுத்துக்கொண்டிருந்த வாரத்தில், சித்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போனதற்குக் காரணம் சுத்தமான பொறாமை. அதை மூடி மறைத்துப் பயணக் கட்டுரை எழுத எனக்கு வராது.

விஷயம் இதுதான். எங்களுக்கு வேலூர். என் மகள் யாழினி ஐந்தாம் வகுப்புக்குப் போகப் போகிறாள். பரீட்சை முடிந்ததும் திருப்பதியில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனாள். சித்தி கவிதா, என் மனைவியின் தங்கை. அவள் கணவன் தனசேகர், அதாவது என் சகலை, நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பையன். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது, வீட்டில் இரண்டே பேர். பத்து நாள் இருந்துவிட்டு வரட்டும் என்றுதான் அனுப்பினோம். மாதம் ஒன்று ஓடிவிட்டது.

போனதிலிருந்து தினம் ஒரு போட்டோ. யாழினி சங்கட்டி சாப்பிடுகிறாள், யாழினி மாங்காய்ப் பருப்பு சாப்பிடுகிறாள், யாழினி தட்டை வழித்து நக்குகிறாள். எங்கள் வீட்டில் இவளுக்கு ஒரு வாய் உள்ளே போக நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சமையல் எங்கள் வீட்டில் என் பொறுப்பு. கைமணம் உள்ளவன் என்று ஊரெல்லாம் எனக்குப் பேர். மகள் மட்டும் தட்டைத் தள்ளி வைப்பாள். சங்கட்டி என்றால் என்ன? அரிசியும் கேழ்வரகு மாவும் சேர்த்துக் கிண்டுகிற களி. அதே களியை வேலூரில் கொடுத்தால் பேய் கண்டதுபோல முகத்தை வைத்துக்கொள்வாள். அங்கே இரண்டு உருண்டை இறங்குகிறது.

கடைசியாகப் போனில் அவள் சொன்னதுதான் என்னைக் கிளப்பியது. "நான் வரலப்பா. என்னை இங்கயே ஸ்கூல்ல சேத்துடு." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். பின்னாலிருந்து தனசேகரும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை காலையிலேயே பையைத் தூக்கிவிட்டேன்.

பையில் இரண்டு சட்டையும் இரண்டு கிலோ முள்ளுக் கத்திரிக்காயும். காம்பில் முள் இருக்கும், உள்ளே வெண்ணெய் மாதிரி இருக்கும், எங்கள் பக்கத்துக் காய். பச்சை மிளகாயோடு வேகவைத்து மத்தால் கடைந்தால் களிக்கு அதைவிட ஜோடி கிடையாது. எந்த ஊர்ச் சமையல் என் மகளை மயக்கியதோ அந்த ஊரிலேயே போய் அவளை மீட்டு வருவது என்று முடிவு. என் மனைவி வாசலில் நின்று பையை எட்டிப் பார்த்துவிட்டு, "கூட்டினு வரப் போறியா, சண்டைக்குப் போறியா?" என்றாள்.

வேலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருப்பதிக்கு நேரடி பஸ் உண்டு, மூன்று மணி நேரம். நான் வேண்டுமென்றே சித்தூரில் இறங்கி மாறினேன். காட்பாடி வழியாகச் சித்தூருக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆறு மணிக்கு ஏறி ஏழே காலுக்கு இறங்கினேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் தள்ளுவண்டியில் காரம் தோசை, நாற்பது ரூபாய். தோசை மேல் சிவப்பு மிளகாய் விழுதைத் தடவி, அதன் மேல் பொட்டுக்கடலைப் பொடி தூவி மடித்துக் கொடுக்கிறார்கள். வேர்க்கடலைச் சட்னி கேட்கக் கேட்க ஊற்றுகிறார்கள். நன்றாக இல்லை என்று எழுத ஆசைதான். மனசாட்சி விடவில்லை, இன்னொன்று வாங்கினேன்.

சித்தூரிலிருந்து திருப்பதி எழுபது கிலோமீட்டர், சுமார் இரண்டு மணி நேரம், நான் கொடுத்தது நூற்றுப் பத்து. வழியெல்லாம் மாந்தோப்பு. தாமலச்செருவு வந்தபோது சாலை ஓரம் முழுக்க மாங்காய் லாரிகள், கிளிமூக்கும் பங்கனப்பள்ளியும் மலை மலையாக. பஸ் ஐந்து நிமிஷம் நெரிசலில் நின்றது, பஸ்ஸுக்குள் அந்த வாசனை. மாம்பழத்துக்கும் பொறாமைப்பட வேண்டியதாகிவிட்டதே என்று ஜன்னலை மூடினேன். வெக்கை தாங்காமல் உடனே திறந்தேன்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ பிடித்துக் கவிதா வீடு இருக்கும் கொர்லகுண்டா, இருபது ரூபாய். டிரைவர் என் தமிழைக் கேட்டுவிட்டு, "எந்த ஊரு சார்?" என்றார்.

"வேலூர்."

"அய்யோ, அங்க ரொம்ப எண்டலு சார். எப்படித்தான் கீறீங்களோ?"

எண்டலு என்றால் வெயில். நெருப்பு மாதிரி அனல் அடிக்கிற அந்த ரோட்டில் நின்றுகொண்டு அவர் என்மேல் பரிதாபப்படுகிறார். வெயிலூர் என்று எங்கள் ஊரை யார் வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம், திருப்பதிக்காரர் செய்வதுதான் பொறுக்கவில்லை. "உங்க ஊர்ல மட்டும் பனி பெய்யுதா?" என்றேன். "எண்டலு இருக்கட்டும் சார், சாயந்திரம் வெளிய வந்து பாருங்கோ," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தனசேகர் வாசலிலேயே நின்றிருந்தான். "வாண்ணா. சீட்டு கெடச்சுதா? பாப்பா உள்ள துன்னுகினு கீது." உள்ளே போனால் என் மகள் கன்னம் கறுத்து, கை கால் கொஞ்சம் சதை போட்டு, தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கையில் செல்போன் இல்லை. எழுந்து ஓடி வருவாள் என்று எதிர்பார்த்தேன். "உக்காருப்பா, ஆறிடும்," என்றாள்.

தட்டில் சங்கட்டி உருண்டை, பக்கத்தில் பச்சிப் புளுசு. இந்தப் புளுசைப் பற்றித்தான் மாதம் முழுக்கப் போனில் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது. அடுப்பே ஏற்றுவதில்லை. புளியைக் கரைத்து, சுட்ட மிளகாயையும் வெங்காயத்தையும் கையால் நசுக்கிப் போட்டு, வெல்லம் கொஞ்சம். அவ்வளவுதான். தனசேகர் தன் கையாலேயே கரைப்பானாம். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று ஒரு வாய் போட்டு மென்றேன்.

"மெல்லக் கூடாதுப்பா. தொட்டு அப்படியே முழுங்கணும்," என்றாள் யாழினி.

பால்பல் விழுவதற்கு முன்பிருந்து களி சாப்பிடுகிறவன் நான். எனக்குச் சொல்லித் தருகிறாள். விழுங்கினேன். வெளியே அடித்த வெயிலுக்கு அந்தப் புளிப்பு நெஞ்சுவரை குளிர்ந்துகொண்டு இறங்கியது. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன்.

சாயந்திரம் ஆறரைக்குத் தனசேகர் எங்களைக் காந்தி ரோட்டுக்குக் கூட்டிப்போனான். ஆட்டோக்காரர் சொன்னது நிஜம். பகலில் நாய்கூட நடக்காத ஊர், வெயில் சாய்ந்ததும் மொத்தமாகத் தெருவில் இறங்கிவிடுகிறது. பக்தர் கூட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நான் சொல்வது உள்ளூர் ஜனத்தை. ஸ்கூட்டரைச் சாய்த்து நிறுத்திவிட்டு நன்னாரி சர்பத் குடிக்கிறார்கள் (இருபத்தைந்து ரூபாய், எலுமிச்சை பிழிந்து, சப்ஜா விதை மிதக்க). முந்த மசாலா என்று பொரியை ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கித் தருகிறார்கள், முப்பது ரூபாய். யாருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம் இல்லை. நாங்கள் வேலூரில் அந்த நேரத்துக்குக் கதவை அடைத்து ஏசி போட்டு ஆளுக்கொரு செல்போனோடு கிடப்போம். அதே வெயில், அதே கேழ்வரகு, இவர்களுக்கு மட்டும் எப்படி இது விழாவாகிறது என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

மிளகாய் பஜ்ஜிக் கடையில் இன்னொரு அடி. கடைக்காரர் யாழினியைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல், விதை எடுத்த பஜ்ஜியைத் தனியாக ஒரு பொட்டலத்தில் கொடுத்தார். "பாப்பாக்கு விதை ஆகாது," என்று எனக்கு விளக்கம் வேறு. என் மகளுக்கு விதை ஆகாது என்பது திருப்பதியில் பஜ்ஜி போடுகிறவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அவள் பஜ்ஜி சாப்பிடுவாள் என்பதே புதுச் செய்தி.

ஞாயிற்றுக்கிழமை என் நாள் என்று வைத்திருந்தேன். கோடை முழுக்க ஞாயிறு ராத்திரிச் சாப்பாடு மொட்டை மாடியில்தானாம். மாடியை அவர்கள் மித்தெ என்கிறார்கள். அந்தக் கட்டடத்தில் நாலு வீடு. வீட்டுக்கு ஒரு சட்டி மேலே வரும். கேட்டதும் எனக்கு உற்சாகம். நாலு வீடு பார்க்க, என் மகள் என் சமையலைச் சாப்பிட வேண்டும். சாயந்திரம் கவிதாவின் அடுக்களையில் நின்று வியர்வை சொட்டச் சொட்ட ஒன்றரைக் கிலோ காயை வேகவைத்துக் கடைந்தேன். யாழினி வாசற்படியில் நின்று மூக்கை உறிஞ்சினாள். "நல்லா வாசனை வருதுப்பா," என்றாள். பாதி ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஐந்து மணிக்கே தனசேகர் மாடித் தளத்தில் தண்ணீர் ஊற்றியிருந்தான். ஏழு மணிக்குச் சூடு இறங்கி, பாய் விரித்து எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தோம். எதிரே மலையில் பாதை விளக்குகள் வளைந்து வளைந்து போயின. நடுவில் சட்டிகள். கீழ் வீட்டுப் பத்மாக்காவின் சங்கட்டி, இன்னொரு வீட்டு மாங்காய்ப் பருப்பு, இன்னொரு வீட்டு வேர்க்கடலைத் துவையல், தனசேகரின் புளுசு. ஐந்தாவதாக என் கத்திரிக்காய்க் கடையல். நான் முதல் கரண்டியை எடுத்து யாழினி தட்டுக்குக் கொண்டுபோனேன்.

"ஆகண்டி அன்னா," என்று பத்மாக்கா கையைக் குறுக்கே நீட்டினார். நிறுத்துங்கள் என்று அர்த்தம். "அவங்க சட்டி அவங்க துன்னக் கூடாது. மித்தெ ரூல் அது."

நான் கவிதாவைப் பார்த்தேன். "ஆமா மாமா," என்றாள். "அவங்கவங்க சட்டிய அவங்கவங்களே துன்னுட்டு எறங்கறதுக்கு மித்தெ எதுக்கு? மத்தவங்க சட்டியத்தான் துன்னணும்."

"சரி, நான் சாப்பிடல. பாப்பா உங்க வீட்டுல தானே இருக்கு?" என்று நானே வாயைக் கொடுத்தேன்.

பத்மாக்காவுக்குக் குஷி வந்துவிட்டது. சின்னப் பெண்ணைச் சீண்டுகிற குரலில், "செப்பு பாப்பா, நீ எந்த வீடு? திருப்பதி வீடுன்னா நாயன சட்டி துன்னலாம். வேலூரு வீடுன்னா துன்னக் கூடாது," என்றார். நாயன என்றால் அப்பா.

கரண்டி என் கையில் அப்படியே நின்றது. அப்போதுதான் நான் மாட்டிக்கொண்டது புரிந்தது. அவள் என் கடையலைச் சாப்பிட வேண்டுமானால் தனசேகர் வீட்டுப் பெண் என்று சொல்ல வேண்டும். என் வீட்டுப் பெண் என்றால் என் சமையலைத் தொடக் கூடாது. எதற்கு வேண்டிக்கொள்வது என்று எனக்கே தெரியவில்லை. தனசேகர் தலையைக் குனிந்து வெறும் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் அது விளையாட்டாக இல்லை.

யாழினி கடையலைப் பார்த்தாள். புளுசைப் பார்த்தாள். என்னைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"நான் வேலூரு," என்றாள். "அப்பா சட்டிய நான் துன்ன மாட்டேன்."

கரண்டியைப் பத்மாக்கா தட்டில் கவிழ்த்தேன். என் சந்தோஷம் அரை நிமிஷம் நீடித்திருக்கும். தனசேகர் நிமிர்ந்து, "அப்ப எங்க சட்டிய பாப்பா துன்னலாம். எங்க வீட்டு ஆளுன்னு இத்தினி வாரமா மித்தெ மேல அதுக்கு எங்க புளுசு கெடையாது," என்று சொல்லி, குழி பறித்த சங்கட்டியில் புளுசை நிரப்பி வழிய வழிய ஊற்றினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். என் கடையலை நாலு வீட்டு ஜனமும் அடித்துப் பிடித்துச் சாப்பிட்டது. பத்மாக்கா சட்டியையே சங்கட்டியால் துடைத்து வழித்தார். தனசேகர், "என்னண்ணா காய் இது, எங்களுக்கு ஏன் கெடைக்க மாட்டேங்குது?" என்று மூன்று தரம் வாங்கினான். எல்லாரும் பாராட்டினார்கள். எனக்குப் பசி அடங்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணி நேரடி பஸ்ஸில் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டுக்குத் தனசேகர் வந்தான். வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தை யாழினியிடம் கொடுத்துவிட்டு, "அடுத்த வருசமும் அனுப்புண்ணா," என்றான். பஸ் திரும்புகிற வரை அதே இடத்தில் நின்றான். அதைப் பார்த்த பிறகு அவன்மேல் பொறாமைப்படுவது கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் முழுசாக விட முடியவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மே மாதம் போவதாக இருந்தால் பதினொன்றிலிருந்து ஐந்து வரை வீட்டைவிட்டோ அறையைவிட்டோ வெளியே வராதீர்கள். மலைக்குப் போகாமல் ஒரு சாயந்திரத்தை ஊருக்கென்று வையுங்கள், ஆறரைக்கு மேல் காந்தி ரோட்டுப் பக்கம் நடந்தாலே போதும். ஒருவர் வயிறு நிறைய நூற்றைம்பது ரூபாய் தாராளம். சித்தூரில் காரம் தோசையைத் தவற விடாதீர்கள், காரம் ஆகாதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தமிழ் எல்லாக் கடையிலும் செல்லும். சொந்தக்காரர் வீட்டு மாடியில் சாப்பிட உட்கார்ந்தால் கரண்டியைத் தொடுவதற்கு முன் ரூல் என்னவென்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது குறிப்பில் சேராது. சந்திரகிரிக் கோட்டை ஜன்னலில் தெரிந்து மறைந்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நேத்து வேலூருன்னு சொன்னியே, எனக்காகச் சொன்னியா, புளுசுக்காகச் சொன்னியா?" என்று கேட்டேன்.

"புளுசுக்குத்தான்," என்றாள் யாழினி, கடலையை மென்றுகொண்டே. கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்திருப்பாள் போல. "உன் கத்திரிக்காய நம்ம வீட்டுல எப்ப வேணா துன்னலாம் இல்ல?" என்றாள்.

பையில் அரைக் கிலோ காய் மிச்சம் இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல், அதைத்தான் முதலில் நறுக்கினேன்.