செவ்வாய்க்கிழமை மத்தியான லேப்

அம்மாவின் மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று டாக்டர் சொன்னபோது, நான் அந்த செமஸ்டருக்கான பாடங்களைப் பதிவு செய்து முடித்திருந்தேன். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், செல் பயாலஜி, புள்ளியியல். முதல் மூன்றுக்கும் தனித்தனி லேப். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் இவை எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும் என்பதால் இரண்டு வருடத் திட்டத்தை நானே போட்டு வைத்திருந்தேன். அதில் மூச்சு விட இடமில்லை. அப்போது அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

என் பெயர் அகிலா. அமீரகத்தில், துபாய்க்கு வடக்கே உள்ள ராஸ் அல் கைமாவில் வளர்ந்தவள். அப்பா இங்கே ஒரு செராமிக் தொழிற்சாலையில் சூளைப் பிரிவைப் பார்க்கிறார். ஊர் மதுரை. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். முருகனை நம்பி வாழும் உங்களிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று பல மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு சில வாரங்களுக்குத் தினமும் ரேடியேஷன். மருத்துவமனை துபாயில். எங்களுக்குக் கிடைத்தது மத்தியான நேரம். அப்பா நைட் டியூட்டி வாங்கிக்கொண்டு, பகலில் தூங்காமல் அம்மாவை அழைத்துப் போனார். ஆனால் செவ்வாய்க்கிழமை மட்டும் பகலில் சூளைப் பரிசோதனை. அவர் இல்லாமல் அது நடக்காது. அன்றைக்கு நான்தான் கார் ஓட்ட வேண்டும். என் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேபும் செவ்வாய் மத்தியானம்தான்.

கல்லூரியில் என் ஆலோசகரைப் போய்ப் பார்த்தேன். பிசிக்ஸை விட்டுவிட்டுக் கோடையில் படிக்கச் சொன்னார். விட்டேன். சுமை குறைந்தது, ஆனால் தோற்றுவிட்டது போல இருந்தது. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை அப்படி விட முடியாது. வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். அது போனால் அதன் மேல் கட்டிய மற்ற பாடங்களும் ஒரு வருடம் தள்ளிப்போகும். லேபுக்கு இரண்டு முறை வராவிட்டால் ஃபெயில்.

லேப் பொறுப்பாளரின் அறைக்குப் போய், செவ்வாய்க் காலை செக்‌ஷனில் ஓர் இடம் கிடைக்குமா என்று கேட்டேன். அம்மாவைப் பற்றியும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். காலையில் எல்லா இடமும் நிரம்பிவிட்டது, யாராவது தானாக மாற்றிக்கொண்டால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். அப்போது ரமலான் தொடங்கப்போகும் நேரம். காலை செக்‌ஷனில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நோன்பு இருப்பவர்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல், மத்தியானம் அந்த ரசாயன வாடையில் நின்று வேலை செய்யச் சொல்லி யாரைக் கேட்பது? நான் யாரையும் கேட்கவில்லை.

வீட்டில் அம்மாவிடம் பாடத்தையே விட்டுவிடப் போவதாகச் சொன்னேன்.

"ஏண்டி, என்னைய சாக்கா வச்சு நீ டாக்டராகாமப் போறதுக்கா நான் வைத்தியம் பாத்துக்கிறேன்? நான் டாக்சில போய்க்கிறேன்," என்றாள் அம்மா. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. மருத்துவமனையில் பேச அவளுக்கு ஆங்கிலமும் வராது, இந்தியும் வராது.

முதல் செவ்வாய் லேபுக்குப் போகவில்லை. அம்மா உள்ளே இருந்தபோது மருத்துவமனைக் கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து அழுதேன். அதுவரை நான் முருகனிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: எல்லாவற்றையும் தாங்க எனக்குப் பலம் கொடு. அன்றைக்கு அப்படிக் கேட்க வாய் வரவில்லை. "முருகா, என்னால முடியலப்பா. எது செய்யணும்னு நீயே சொல்லு," என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

மறுநாள் வகுப்பில் மரியம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ராஸ் அல் கைமாக்காரி, அரபுப் பெண். அதற்கு முன் நாங்கள் சலாம் தவிர அதிகம் பேசியதில்லை. ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்: "என்னோட காலை செக்‌ஷனை நீ எடுத்துக்கோ. நான் மத்தியானத்துக்கு மாறிக்கிறேன்."

எனக்குப் புரியவில்லை. "உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு லேப் பொறுப்பாளர் ரூம்ல உனக்குப் பின்னாடி நான்தான் நின்னேன். கையெழுத்து வாங்க வந்தேன். நீ சொன்னது காதுல விழுந்துடுச்சு. அதுக்கப்புறம் விழாத மாதிரி இருக்க முடியல."

"நீ நோன்பு ஆச்சே, மரியம்."

"நோன்பு எனக்கும் அல்லாவுக்கும் நடுவுல. லேப் உனக்கும் எனக்கும் நடுவுல. கலாஸ், அவ்ளோதான், வா, போய் மாத்திடலாம்."

மாற்றினோம். ரமலான் முழுக்க செவ்வாய்தோறும் நான் காலையில் லேபை முடித்துவிட்டு அம்மாவோடு துபாய் சாலையில் இருந்தேன். மரியம் நோன்போடு என் இடத்தில் நின்றாள். ஒரு செவ்வாய் அவளுக்குத் தலை சுற்றி, வெளியே போய்ச் சற்று உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தாளாம். அந்த செக்‌ஷனில் இருந்த ஒரு மலையாளிப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மரியம் ஒருநாளும் சொன்னதில்லை.

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தமிழில் ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தாள். மொழிபெயர்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று மரியம் தலையசைத்தாள்.

ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் தேறினேன். முதல் இடமெல்லாம் இல்லை, நல்ல மதிப்பெண்தான். பிசிக்ஸைக் கோடையில் நிதானமாகப் படித்தேன், அது எனக்குப் பிடித்துக்கூடப் போயிற்று. அம்மாவின் சமீபத்திய பரிசோதனைகள் நன்றாக இருக்கின்றன. இனி வருவதும் முருகன் கையில். இப்போது ஒரு செமஸ்டருக்கு இரண்டு லேபுக்கு மேல் எடுப்பதில்லை. ஜூனியர் மாணவிகள் கேட்டால், யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால்கூடத் தாங்குகிற அளவுக்குப் பாடம் எடுங்கள் என்கிறேன்.

இதில் முருகன் எங்கே வந்தான், அந்தப் பெண்ணின் நல்ல மனசுதானே என்று அப்பாவின் நண்பர் ஒருவர் கேட்டார். நானும் அதை நிறைய யோசித்திருக்கிறேன். நான் கார் பார்க்கிங்கில் வேண்டுவதற்குச் சில நாட்கள் முன்பே மரியம் எனக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டாள். நான் கேட்கும் முன்பே உதவி அங்கே இருந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத்தான் தெரியவில்லை. நல்ல மனசுள்ள ஒருத்தியை அந்த நேரத்தில் அந்த இடத்தில் நிறுத்தியது யார் என்று கேட்டால், எனக்கு ஒரே பதில்தான் தெரியும்.

உங்களில் யாராவது இப்போது பாரம் தாங்காமல் இருந்தால், முடியவில்லை என்று அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதில் வெட்கம் இல்லை. அவன் அனுப்புகிற ஆள் எந்த மொழி பேசிக்கொண்டு வந்தாலும் மறுக்காதீர்கள்.